என் தங்கச்சி கையை அச்செடுத்தேன்

நான் செய்த முதல் வெட்டுத்தலையை டிவி சீரியல் யூனிட்காரர்கள் பந்து மாதிரி உதைத்து விளையாடினார்கள். மதியச் சாப்பாடு முடிந்த நேரம். ஒருவர் உதைக்க, இன்னொருவர் நெஞ்சில் வாங்கிக் கீழே விட, எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே மூளையும் இல்லை, ரத்தமும் இல்லை, வெறும் ரெசின் கூடு என்பது செய்த எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தத் தலைக்குக் காது வைத்தவன் நான். மூன்று நாள் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தவன். வீட்டுக்கு வந்து குளித்து, திருநீறு பூசி, முருகன் படத்துக்கு முன்னால் நின்று, “இது என்ன தொழிலப்பா எனக்குக் கொடுத்தே?” என்று கேட்டேன். மறுநாள் இன்னும் இரண்டு தலைக்கு ஆர்டர் வந்தது.

எட்டாவது வரைக்கும் படித்தவன் நான். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையில் நின்றார். அவருக்குப் பிறகு அதே கடையில் நான் நின்றேன். ஃபைபர் படகு செய்கிறவர்கள் ரெசின் என்கிற பிசினை வாங்க அங்கே வருவார்கள். அவர்களிடம் கேட்டுக் கேட்டு, கையைச் சுட்டுக்கொண்டு படித்த வேலை இது. தொண்ணூறுகளின் நடுவில் டிவி சீரியல்கள் பெருகின. கொலை இல்லாத சீரியல் கிடையாது. கடையை விட்டுவிட்டு, கரமனையில் ஆற்றுக்கு இறங்குகிற சந்தில் ஒரு வாடகை வீடு பிடித்து, பின்னால் தகர ஷெட் போட்டேன்.

டிவியில் ஒரு அரிவாளைத்தான் பார்ப்பீர்கள். நான் ஐந்து செய்வேன். கிட்டத்தில் காட்ட ஒன்று, அடிப்பதற்கு மெத்தென்று ஒன்று, உடைவதற்கு இரண்டு, தொலைவதற்கு ஒன்று. அசல் பொருளைப் பெட்டிக்குள் வைத்து, கெட்டித் தயிர் மாதிரி இருக்கும் சிலிக்கோன் ரப்பரை மேலே நூலாக ஊற்ற வேண்டும். மறுநாள் அது இறுகிவிடும். அசலை உருவி எடுத்தால் உள்ளே அதன் பள்ளம். அந்தப் பள்ளத்தில் ரெசினை ஊற்றினால் நகல். அந்த ரப்பருக்கு இரக்கம் கிடையாது. ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் அதையும் பிடித்துக்கொள்ளும்.

ரெசின் இறுக இரண்டு மருந்து வேண்டும். ஒன்று ஊதா நிறக் கோபால்ட். மற்றது தண்ணீர் போல இருக்கும் கேட்டலிஸ்ட். ஒவ்வொன்றாக ரெசினில் கலக்கலாம், ஆனால் இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் தீப்பிடித்துவிடும். ஆகவே ஷெட்டின் ஒரு கோடியில் ஒன்று, மறு கோடியில் மற்றது, நடுவில் ஒரு பெரிய நீல டிரம்மில் தண்ணீர் என்று வைத்திருந்தேன். பெயிண்ட் அடிப்பது என் வீட்டுக்காரி. காய்ந்த ரத்தத்துக்கும் பச்சை ரத்தத்துக்கும் வித்தியாசம் காட்ட அவளை மிஞ்ச ஆள் இல்லை. மீன் கழுவுகிறவளுக்குத் தெரியாதா என்பாள்.

ஆர்டர்களைக் கொண்டுவந்து கொடுத்தவன் என் மச்சான். என் வீட்டுக்காரியின் அண்ணன். சீரியல்களில் அடியாளாக வந்து அடிபட்டு விழுகிற ஃபைட்டர். அவனுக்கு என் தங்கச்சியைக் கொடுத்து, அவன் தங்கச்சியை நான் கட்டினேன். ஒரே பந்தல், ஒரே முகூர்த்தம், இரண்டு தாலி. என் அப்பா அம்மா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள், தங்கச்சிக்கு நான்தான் எல்லாம். பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் இரண்டு வீடும் ஒன்றையொன்று பார்த்து நடந்துகொள்ளும், நம் பெண் அங்கே இருக்கிறாள் என்கிற பயத்தில் அவர்கள் பெண்ணை நாம் நன்றாக வைத்துக்கொள்வோம், அவர்களும் அப்படியே என்று பெரியவர்கள் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மச்சானின் சண்டையைப் பார்க்க ஷூட்டிங் இல்லாதவர்கள்கூட வந்து நிற்பார்கள். அவன் விட்ட குத்து எதிராளியின் மூக்குக்கு ஒரு விரல்கடை முன்னால் நின்றுவிடும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. எல்லாருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கும் பிடித்திருந்தது, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஒருநாள் ஆர்ட் டைரக்டரை அழைத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தான். அவர் மலையாளி, என்னோடு பேசும்போது தமிழைக் கலந்துகொள்வார்.

“அண்ணாச்சி, ஒரு பெண்ணோட கை வேணும். வெட்டின கை. ஆத்துல ஒழுகி வரும். விரல் நல்லா நீண்டு இருக்கணும். கண்டா பாவம் தோணணும்.”

அதே நேரம் என் வீட்டுக்காரி டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் அவள் கையைப் பார்த்தார். “சேச்சியோட கை வேண்டா. அது சோறு வெக்கிற கை.”

“ஆமா, ஆத்துல மெதக்கிறதுக்குன்னு தனியா வளர்த்த கைதான வேணும்” என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.

மச்சான் சிரித்தான். “சார், எம் பொண்டாட்டி கை இருக்கு. மெழுகு மாதிரி இருக்கும். நாளைக்கே கொண்டாந்து விடுறேன்.”

ஏதோ பொருளைக் கொண்டுவந்து இறக்குகிற மாதிரிதான் சொன்னான். அப்போது என் காதில் அது உறைக்கவில்லை.

மறுநாள் அவளைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு அவன் ஷூட்டிங்குக்குப் போய்விட்டான். தங்கச்சி முழுக்கை ரவிக்கை போட்டிருந்தாள். சித்திரை மாத வெயிலில் முழுக்கை. கேட்டதற்கு, “பைக்குல வந்தா வெயில் அடிக்குல்லா” என்றாள். உயிருள்ள கைக்கு ரப்பர் ஊற்றக் கூடாது. பல் டாக்டர்கள் வாயில் வைத்து அச்சு எடுக்கிற பவுடரைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, அகலமான பிவிசி குழாய்த் துண்டில் நிரப்பி, அதற்குள் கையை விடச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிஷத்தில் இறுகிவிடும். கையை மெதுவாக உருவிக்கொண்டு, அந்தப் பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றினால் வெள்ளைக் கை. அந்த வெள்ளைக் கையை வைத்துத்தான் ரப்பர் அச்சு.

“மணிக்கட்டு வரைக்கும் போதும்லா அண்ணே?” என்றாள்.

“முழங்கை வரைக்கும் வேணும். வெட்டு அங்கதான்.”

“மணிக்கட்டுலயே வெட்டினதா வச்சுக்கிடச் சொல்லேன்.”

“நீ டைரக்டரா, நான் டைரக்டரா? ரவிக்கைக் கையை மடக்கும்மா.”

கதவைச் சாத்தச் சொன்னாள். கண் கூசுகிறது என்றாள். சாத்தினேன். ரவிக்கைக் கையை அவளே மேலே சுருட்டினாள். முடி ஒட்டாமல் இருக்க அவள் கையில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் எலும்பு ஒன்று துருத்திக்கொண்டு தட்டுப்பட்டது. “இது என்ன?” என்றேன். “வழுக்கி விழுந்தேன்ணே, பழசு” என்றாள். என் கவனமெல்லாம் பவுடர் இறுகுவதற்குள் கலக்கிவிட வேண்டும் என்பதில் இருந்தது. குழாய்க்குள் கையை விட்டதும் அவள் உடம்பு ஒரு தடவை நடுங்கியது. “குளுருதா?” என்றேன். “ஆமாண்ணே” என்றாள்.

மறுநாள் அச்சை உடைத்து வெள்ளைக் கையை வெளியே எடுத்தேன். நல்ல கை. நகத்தில் இருந்த வரிகூட விழுந்திருந்தது. ஆனால் உள்பக்கத்தில், முழங்கைக்குக் கீழே, நாலு சின்னப் பள்ளம். பிளாஸ்டரில் காற்றுக் குமிழ் மாட்டினால் அப்படிப் பள்ளம் விழும். அவசரத்தில் நான் சரியாகத் தட்டவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டு, புட்டி எடுத்து முதல் பள்ளத்தை அடைத்தேன். இரண்டாவதையும் அடைத்தேன். மூன்றாவதுக்குப் போகும்போதுதான் கை நின்றது. நாலும் ஒரே அளவு. ஒரே வரிசை. விளிம்பு கொஞ்சம் தூக்கிக்கொண்டு இருந்தது. காற்றுக் குமிழ் வரிசையில் நிற்காது.

டியூப்லைட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். சதையின் நிறத்தில் மறைந்து கிடந்ததெல்லாம் வெள்ளையில் நிழலோடு எழுந்து வந்தது. சிகரெட்டால் சுட்ட நாலு குழி. மணிக்கட்டில் உடைந்து கோணலாகச் சேர்ந்த எலும்பு. புறங்கைக்கு மேலே பிறைபோல இரண்டு வளைவு, எதிரெதிராக. பல். மனுஷப் பல்.

நான் சத்தம் போட்டேன் போலிருக்கிறது. வீட்டுக்காரி ஈரக்கையோடு ஓடிவந்தாள். வெள்ளைக் கையை அவளிடம் கொடுத்தேன். அவள் அந்தப் பிறைகளை விரலால் தடவிப் பார்த்தாள். மேல் வரிசையில் ஒரு பல் மட்டும் உள்வாங்கி, அடுத்த பல் அதன்மேல் ஏறி இருந்தது. அந்த இடத்தில் அவள் விரல் நின்றது.

“இது எங்க அண்ணன் பல்லு” என்றாள்.

அடுப்பில் குழம்பு தீய்கிற வாசனை வந்தது. அவள் போகவில்லை.

சாயங்காலம் இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்கும் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் கட்டிலில் படுத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு இருந்தான். “வாங்க மாப்ளே” என்றான். நான் தங்கச்சியிடம், “துணியை எடுத்துக்கிட்டுக் கிளம்பும்மா” என்றேன். அவள் அசையவில்லை.

அவன் எழுந்து உட்கார்ந்தான். “என்ன விஷயம்?”

“அவ கையை நான் பாத்துட்டேன்.”

“புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்.” டிவியின் சத்தத்தைக் கூட்டினான். “கூட்டிட்டுப் போ, நான் வேண்டாம்னு சொல்லலை. போற வழியில எந் தங்கச்சியை இங்க கொண்டாந்து விட்டுட்டுப் போ. கணக்குச் சரியாப் போகும்.”

நான் அவன் சட்டையைப் பிடித்தேன். அதுவரைக்கும் யாரையும் அடித்தவன் இல்லை நான், அடிக்கவும் தெரியாது. ஒரு விரல்கடை முன்னால் நிற்கிற அவன் கை அன்றைக்கு நிற்கவில்லை. முதல் குத்திலேயே என் கீழ்ப்பல் ஒன்று உதட்டுக்குள் இறங்கிவிட்டது. இரண்டாவது குத்து வயிற்றில். கீழே விழுந்த பிறகு விலாவில் உதைத்தான். எங்கே உதைத்தால் வலிக்கும் என்று தெரிந்து, அவசரப்படாமல், அளந்து உதைத்தான். தங்கச்சி என்மேல் விழுந்து மறைத்தாள். அவள் முதுகில் இரண்டு உதை விழுந்தது.

வாசல் வரைக்கும் என்னைத் தாங்கிக்கொண்டு வந்தவளிடம், “வந்துரும்மா” என்றேன்.

“நான் வந்தா மதினி இங்க வரணும்ணே. ஒன் குடும்பம் போயிரும். நீ போ. நான் எப்படியும் சமாளிச்சுக்கிடுவேன்.”

அவள் எதற்காக இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்தாள் என்று அந்த வாசலில்தான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்காக. நான் என் வீட்டில் சிரித்துப் பேசிச் சோறு தின்ற ஒவ்வொரு நாளும் அவள் கையை விலையாகக் கொடுத்து வாங்கியது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். அந்த வெள்ளைக் கையில் பள்ளங்களைப் புட்டி வைத்து மூட அரை மணி நேரம்கூட ஆகாது. மூடிவிட்டு ரப்பர் ஊற்றியிருக்கலாம். நான் மூடவில்லை. ஏற்கெனவே அடைத்த இரண்டு பள்ளத்தையும் ஊசியால் நோண்டித் திறந்தேன். வீங்கிய வாயோடு ரப்பர் ஊற்றினேன். ஆறு கை வார்த்தேன். ஆறிலும் அந்தப் பல். யூனிட் முழுக்கப் பார்க்கட்டும், அவனும் பார்க்கட்டும், பார்த்து வெட்கப்படட்டும் என்று நினைத்தேன். முருகன் காட்டிக்கொடுத்ததை மூட நான் யார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அது பக்தி இல்லை. அடிவாங்கியவனின் ஆத்திரம். அதற்குச் சாமி பெயரை வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரியிடமும் சொல்லவில்லை. உடம்பு வலிக்கிறது, பெயிண்டையும் நானே அடித்துவிடுகிறேன் என்று அவளை ஷெட்டுக்குள் விடவில்லை.

பொன்முடி மலைக்குக் கீழே கல்லாற்றில் ஷூட்டிங். பாறைக்கு நடுவில் தண்ணீர் சலசலவென்று ஓடும் இடம். நானே கைகளைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனேன். ஆர்ட் டைரக்டர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

“அண்ணாச்சி, இது எந்தொரு வேலை! இந்தக் கடிச்ச பாடு, இந்தப் பல்லுத்தடம், ஆரு சொல்லிச் செய்தது? ஒரிஜினல் போல உண்டல்லோ!”

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். கை ஒவ்வொருவரிடமாகப் போனது. “கொன்னவன் பட்டினி கிடந்தவன் போல” என்றார் ஒருவர். “கையை மட்டும் தின்னுட்டு மிச்சத்தை ஆத்துல விட்டுட்டான்” என்றார் இன்னொருவர். சிரிப்பு. அந்தச் சீனில் மச்சானுக்கும் வேஷம் இருந்தது. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தான். “எங்க, எம் பொண்டாட்டி கையைக் காட்டுங்க” என்று வாங்கினான்.

அவன் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன். வரவில்லை. அவன் அந்தப் பிறையைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நாக்கால் தன் மேல்பல்லை ஒரு தடவை தடவிக்கொண்டான். “ஊருக்கே காட்டிக் கொடுத்துட்டாளா” என்றான், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. அவ்வளவுதான். கையைப் பாறையில் ஓங்கி அடித்தான். கண்ணாடி மாதிரிச் சிதறியது. நேரே போய் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டான்.

அவன் என்மேல் வருவான் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். அவன் அவளை நோக்கிப் போகிறான்.

ரோட்டோரக் கடையில் போன் இருந்தது. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடை நம்பரைச் சுழற்றினேன், இரண்டு தடவை தப்பாகப் போனது. வீட்டுக்காரி லைனுக்கு வர எத்தனை நேரம் ஆயிற்றோ. “ஒங்க அண்ணன் அவளைக் கொல்லப் போறான். பைக்குல வர்றான். கையில இருந்த தழும்பை மூடாம நான் கொண்டாந்துட்டேன். அவன் பாத்துட்டான்.” சொல்லி முடித்ததும் அவள் போனை வைத்துவிட்டாள்.

யூனிட் ஜீப் ஒன்று டவுனுக்குக் கிளம்பியது. கையைக் காலைப் பிடித்து ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் கந்தா, கந்தா என்பதைத் தவிர வாயில் ஒன்றும் வரவில்லை. என் தங்கச்சியை நானே கொன்றுவிட்டேன் என்று பட்டது. கத்தியை அவன் கையில் கொடுத்தது நான்.

வீட்டுக்கு வந்தபோது அவன் பைக் வாசலில் சரிந்து கிடந்தது. பின்னாலிருந்து தகரம் அதிர்கிற சத்தம். என் வீட்டுக்காரி ஆட்டோ பிடித்துப் போய், அவன் வருவதற்கு முன்னால் தங்கச்சியை உடுத்த துணியோடு இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு அவன் இங்கே வந்திருக்கிறான். ஷெட்டுக்குள் ரப்பர் அச்சைக் கத்தியால் கிழித்துப் போட்டிருந்தான். வெள்ளைக் கை தரையில் மாவாகக் கிடந்தது. தங்கச்சி மூலையில், மேஜைக்கு அடியில். அவள் நெற்றியிலிருந்து ரத்தம் இறங்கிக்கொண்டு இருந்தது. நாங்கள் பெயிண்ட் அடிக்கிற ரத்தம் மாதிரி இல்லவே இல்லை, தண்ணீராக, வேகமாக. மேஜைக்கு முன்னால் என் வீட்டுக்காரி, அச்சுப்பெட்டி தட்டுகிற மரச் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“தள்ளுட்டீ. ஒன்னையும் சேத்து வெட்டிருவேன்.”

“வெட்டு. ஒங்கூடப் பொறந்த பாவத்துக்கு வெட்டு.”

நான் பின்னாலிருந்து அவன்மேல் பாய்ந்தேன். உதறினான். கத்தி எங்கோ போய் விழுந்தது. கைக்குக் கிடைத்ததையெல்லாம் எடுத்து வீசினான். மண்டை ஓடு, அரிவாள், ரெசின் டின். கோபால்ட் பாட்டில் சுவரில் பட்டு உடைந்து ஊதாவாக வழிந்தது. வீசிக்கொண்டே மறு கோடிக்குப் போனவன் கைக்கு அடுத்தது கிடைத்தது அங்கே இருந்த கேட்டலிஸ்ட் கேன். “அது வேண்டாம்!” என்று கத்தினேன். அதனாலேயே வீசினான் போல. நான் குனிந்தேன். கேன் அந்த ஊதாவின்மேல் போய் விழுந்து மூடி தெறித்தது.

புஸ்ஸென்று ஒரு சத்தம். வெள்ளைப் புகை. அடுத்த நொடி அந்த மூலையே தீ. என்மேல் பாய வந்த அவன் சட்டையில் ஏறி, முதுகில் ஏறி, தலைமுடிக்குப் போனது. அவன் அலறினான். நான் யோசிக்கவில்லை. பிடரியைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நீல டிரம்மில் தலைகுப்புற அமுக்கினேன்.

அணைக்கத்தான் அமுக்கினேன். அதை முருகன் முன்னால் நின்று சொல்லுவேன். தீ அணைந்துவிட்டது. தண்ணீருக்குள் அணைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகும் என் கை எடுக்கவில்லை. என் எடை முழுவதையும் அவன் பிடரியில் போட்டேன். நாலு குழி, எலும்பு, பல். அவன் கால் தரையை உதைத்தது. டிரம்மின் இரண்டு பக்கமும் பிடித்து எழும்பப் பார்த்தான். ஷூட்டிங்கில் அத்தனை அடி வாங்கியும் துள்ளி எழுந்தவன், எனக்குக் கீழே வலுவிழந்துகொண்டு வந்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைத்தான் இன்றைக்கும் என்னால் கழுவ முடியவில்லை.

“விடுங்க! செத்துருவான்!” என்று வீட்டுக்காரி கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது. தோளைப் பிடித்து இழுத்தாள். நான் விடவில்லை. அப்போது அவள் அந்த மரச் சுத்தியலை ஓங்கி என் வலது கையில் அடித்தாள். விரல் எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. கை தானாக விட்டது. அவன் சரிந்து, தண்ணீரைக் கக்கிக்கொண்டு தரையில் கிடந்தான். அவள் அவனையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல், ஒரு சாக்கை நனைத்துத் தீயை அடிக்கப் போனாள்.

அவன் முதுகிலும் பின்கழுத்திலும் தீக்காயம். ஆஸ்பத்திரியில் கிடந்தான். என் தங்கச்சி நெற்றியில் தையலோடு ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். அச்செல்லாம் உடைந்துபோயிற்று, மிச்ச நகல்கள் யூனிட்டோடு போய்விட்டன, அதனால் என்ன, கை அவளிடம்தானே இருந்தது. கூடப் போய், இது என் அண்ணன் செய்தது என்று சொன்னது என் வீட்டுக்காரி. நான் டிரம்மில் செய்ததையும் மறைக்க வேண்டாம் என்றேன். மறைக்கவில்லை. என் கையில் இரண்டு விரல் நேராகச் சேரவில்லை. கும்பிடும்போது அவை மட்டும் விலகி நிற்கும். அப்படியே கும்பிடுகிறேன்.

ஐந்தாம் நாள் என் மாமனார் ஊரிலிருந்து வந்தார். மகனை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு. செருப்பைக் கழற்றவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

“துணியை எடுத்து வை” என்றார் மகளிடம். “ஒண்ணு வந்தா ஒண்ணு போகணும். அன்னைக்குப் பந்தல்ல பேசின பேச்சு அதுதான்.”

“யாரு பேசினது?” என்றாள் அவள். “நீங்க பேசினீங்க, இந்தா நிக்கிற இவங்க பேசினாங்க. எங்க ரெண்டு பேருகிட்ட யாரும் பேசலையே.”

“நாலு பேரு என்ன சொல்லுவான்?”

“அந்த நாலு பேரு வந்து இவ கையைப் பாத்துட்டுச் சொல்லட்டும்.”

வீட்டுக்காரி போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் கிழவர் அழுதால் என் தங்கச்சி மனசு இளகித் தானே கிளம்பிவிடுவாளே என்று பயம். இத்தனை வருஷம் அங்கே கிடந்ததும் அந்த மனசால்தானே. நினைத்த மாதிரியே அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துக் கேட்டார்: “நீ வந்துரும்மா. நான் கூடவே இருந்து பாத்துக்கிடுதேன். அவன் இனி ஒம்மேல கை வச்சா நான் கேக்குறேன்.”

தங்கச்சி அடுக்களைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் குறுக்கே பேசப் போனேன். வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“மாமா,” என்றாள் தங்கச்சி, “நீங்க கூப்பிட்டா வரலைன்னு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா அங்க வந்தா நான் செத்துருவேன். நெசமாவே செத்துருவேன் மாமா.”

அவள் கொண்டுவந்து கொடுத்த தண்ணீரை அவர் வாங்கிக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கையை ஒரு நொடி பார்த்தார், உடனே தலையைத் திருப்பிக்கொண்டார். சாப்பிடச் சொன்னோம், சாப்பிடவில்லை. மகள் ஸ்டாப் வரைக்கும் கூடப் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நேரே அடுக்களைக்குப் போய்விட்டாள்.

பத்து வருஷமாக என் வீட்டுக்காரி என் தங்கச்சியை மதினி என்றுதான் கூப்பிடுவாள். அண்ணன் பெண்டாட்டி என்கிற முறையில். அன்றைக்கு அரிசி களைய ஆள் வேண்டும் என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். என் தங்கச்சி யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, “இந்தா வாரேன்” என்று போனாள்.